பக்கத்து வீட்டுப் பேதி

நோயே இல்லாத ஒரு ஊரை நான் பார்த்திருக்கிறேன். கிணத்துக்கடவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, தலைவலிகூட இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பிய படிவங்கள் அப்படித்தான் சொல்லின. என் மேசைக்கு வந்த கட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் பூஜ்யம். கூட்டுவதற்கு அவ்வளவு சுலபமான கணக்கு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்த்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. கோயமுத்தூரில் மாவட்ட அளவிலான ஒரு சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நானும் ஒரு மேசை மின்விசிறியும்தான். மக்களின் ஆரோக்கியத்தை அளப்பது என் வேலை. அதை உயர்த்துவது மற்றவர்களின் வேலை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. ஆரோக்கியம் குறைந்தால் டாக்டரைக் கேட்பார்கள், தண்ணீர் கெட்டால் பொறியாளரைக் கேட்பார்கள். அளந்தவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நேரத்துக்கு அனுப்பினால் போதும்.

அந்த ஊர் விஷயத்தில் மட்டும் என்னைக் கேட்க ஒருவர் வந்தார். அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், மேலதிகாரியின் அறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிற வயசு. என் முன்னால் வந்து நின்றவர் உட்காராமலே ஆரம்பித்தார்.

"மேடம், அந்த ஊர்ல பேதியே இல்லைன்னா, நான் தினமும் யாருக்கு குளுக்கோஸ் ஏத்துதேன்? தென்னை மரத்துக்கா?"

விஷயம் இதுதான். குடிநீர்க் குழாய்களை மாற்ற அந்த ஆண்டு கொஞ்சம் பணம் வந்திருந்தது. ஒன்றியத்துக்கு ஒரு ஊர்தான் முடியும்; அந்த ஒன்றியத்தில் பட்டியலில் இருந்தது இந்த ஊரும் பக்கத்து ஊரும்தான். எந்த ஊரில் வயிற்றுப்போக்கு அதிகமோ அந்த ஊருக்கு என்று விதி. டாக்டர் சொன்ன ஊரில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், கீழ்த்தெருவில் சாக்கடைக்குள்ளேயே ஓடியது. குழாயில் விரிசல். தண்ணீர் விடுகிற நேரத்தில் குழாய் கசியும்; நிறுத்திய பிறகு அதே விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலை ஊரே அதைக் குடத்தில் பிடிக்கும்.

"கீழ்த்தெருவில ஒரு பெண் குழந்தை மேடம். இன்னும் பள்ளிக்கூடத்துல போடல. மாசம் தவறாம கண்ணு சொருகித் தூக்கிட்டு வாராவ. ஏத்தி அனுப்புதேன். போய் மறுபடியும் அதே தண்ணியக் குடிச்சிட்டு வருது. கையில, கால்ல எல்லாம் ஊசி குத்தியாச்சு. போன தடவை நெத்தியிலதான் நரம்பு கிடைச்சுது. அடுத்த தடவை எங்க தேடுவேன்னு எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் செய்கிற கோளாறு.

பணம் யாருக்கு என்று முடிவு செய்யும் கூட்டம் அந்த மாதக் கடைசியில். இப்போதைய நிலவரப்படி குழாய் பக்கத்து ஊருக்குப் போகும். அங்கே யாரோ ஒரு பாட்டிக்குப் பேதி என்று ஒரே ஒரு படிவத்தில் எழுதியிருந்தது. பூஜ்யத்தைவிட ஒன்று பெரிது. இது கணிதம், இதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடைய மூஞ்சியைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து சரிபார்க்கிறேன் என்றேன். சரிபார்க்க எனக்கு அதிகாரம் உண்டு. யாரும் பயன்படுத்தாததால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

டாக்டரும் நானும் போன முதல் வீட்டிலேயே பூஜ்யத்தின் காரணம் புரிந்துவிட்டது. நான் இந்தப் பக்கத்துக்காரி, எனக்குப் புரியாமல் இருக்குமா? வாசலில் கால் வைத்ததுமே, "வாங்கொ, வாங்கொ, உள்ள வாங்கொ" என்று அந்த வீட்டு அம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்டர் உட்காருவதற்கு முன்பே படிவத்தை விரித்துக் கேட்டார்:

"வீட்ல யாருக்காவது வயித்தால போகுதாம்மா?"

அந்த அம்மாளின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். வீட்டுக்கு வந்த ஒறம்பரை, அதாவது விருந்தாளி, தண்ணீர்கூடக் குடிக்காமல், முதல் வார்த்தையாக இதைக் கேட்டால் வேறெப்படிப் போகும்?

"இல்லீங்க சாமி. எல்லாரும் நல்லா இருக்கறமுங்க."

வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியிலிருந்து, கொல்லைப்புறத்திலிருந்து, ஒரு ஆள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்களைக் கண்டதும் வணக்கம் வைத்தார். வைத்த வேகத்திலேயே திரும்பிப் போனார். "அவருக்கு என்னங்க?" என்றேன். "அவருக்கு என்னங்க, கல்லாட்ட இருக்கறாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறாருங்க."

அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. வந்தவரிடம் வீட்டுச் சீக்கைச் சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. சொன்னால், வந்தவர் மனசு சங்கடப்படும். வீட்டில் ஏதோ குறை என்று ஆகும். கலியாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாற்காலி போட்டாயிற்று, மோர் கொடுத்தாயிற்று, பிறகு "நல்லா இருக்கறமுங்க" என்றுதான் சொல்ல முடியும். படிவத்தைத் தயாரித்தவர் எங்கோ தலைநகரில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு வீட்டுக்குள் எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தது. வீட்டுக்குள் எப்படி வருவது என்று தெரியவில்லை.

குழந்தையின் வீட்டுக்கும் போனோம். தாய் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறவள். குழந்தை கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தது. நெற்றியில் இன்னும் பிளாஸ்திரி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தாயைப் பார்த்தேன்.

"கொழந்தைக்கு எப்படி இருக்குது அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் வெளியே போய்விட்டார். அவரிடம் அழுதுகொண்டு பஸ் ஏறி வருகிறவள்தான், அது ஆஸ்பத்திரி. இது வீடு.

சோர்ந்து போய்த் தெருக்கோடியில் ஒரு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாளிடமும் கேட்டு, அவர்களும் நல்லா இருக்கிறார்கள் என்று எழுதியாயிற்று. நான் எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் என் கையிலிருந்த படிவங்களை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஏனுங்க, அக்கட்டால, பக்கத்து ஊட்டுல எழுதியாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"என்னன்னு சொன்னாங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்களாம்."

அந்த அம்மாள் காபிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவு சிரிப்பு.

"நல்லா இருக்காங்களா! அவிய ஊட்டுக்காரரு ராத்திரி முச்சூடும் பொடக்காளிக்கும் ஊட்டுக்குமா நடந்து நடந்து தடமே விழுந்து போச்சுங்க! மருமவ அதுக்கும் மேல. அந்தப் பையன் பள்ளிக்கூடம் போயி எத்தனை நாளாச்சு தெரியுங்களா? நல்லா இருக்காங்களாமா!"

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். "இன்னொரு தம்ளர் காபி கிடைக்குங்களா?" என்றேன்.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி, கணக்கெடுப்புக் கையேட்டை எடுத்தேன். எல்லோரும் அதன் முதல் சில பக்கங்களைப் படிப்பார்கள். நான் கடைசிப் பக்கங்களில் வாழ்கிறவள். விதிவிலக்குகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். வீடு பூட்டியிருந்தால், அந்த வீட்டைப் பற்றி விவரம் அறிந்த அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுப் பதியலாம் என்று அங்கே இருந்தது. எவ்வளவு வீடுகள் பூட்டியிருக்கலாம் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. விதியை எழுதியவர் நல்லவர். இப்படி ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்கமாட்டார்.

அந்த ஊரில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. காலையில் தோப்பு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் பூட்டியிருக்கும். அவர்கள் மதியத்துக்கு மேல் திரும்பும்போது, காலையில் வீட்டில் இருந்தவர்கள் பால் சொசைட்டிக்கும் தோட்டத்துக்கும் கிளம்பியிருப்பார்கள். நான் காலையில் ஒரு முறை போனேன்; பூட்டிய வீடுகளைப் பற்றித் திறந்த வீடுகளில் கேட்டேன். மாலையில் ஒரு முறை போனேன். இப்போது பூட்டியவர்களைப் பற்றித் திறந்தவர்களிடம் கேட்டேன். ஊரே ஊரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டது. ஒரு வீட்டுக்காரர்கூடத் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி மரியாதை கெடவில்லை.

டாக்டரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தேன். அவர் எழுத மட்டும் செய்தார். எழுதி மாளவில்லை. யாருக்கு எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை, என்ன நிறம், யார் கஷாயம் போட்டுக் கொடுத்தது, அதில் என்ன சேர்க்க மறந்தார்கள், இவ்வளவும் வந்தது. மருத்துவக் கல்லூரியில் நோயாளியிடம் விவரம் கேட்கப் பல வருடம் சொல்லிக் கொடுத்தார்களாம். "தப்பான ஆள்ட்ட கேக்கச் சொல்லிக் குடுத்திருக்காவ மேடம்," என்றார் காதோடு.

குழந்தையின் வீடு காலையில் பூட்டியிருந்தது. தாய், குழந்தையையும் தோப்புக்கே தூக்கிப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாள், அதுவரை எதிர் வீட்டு மாமனாரைப் பற்றி வாய் கொள்ளாத சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த வீட்டைக் கேட்டதும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அது பேதியாங்க? அது அந்தப் புள்ளை உசுரைக் குடிக்கறதுங்க. ரண்டு தடவை நாந்தான் தூக்கிட்டு பஸ் ஏறுனேன். ஒரு தடவை கண்டக்டரு, கொழந்தை கெடக்கற கெடையைப் பாத்துட்டு, எங்கயும் நிறுத்தாம ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு வந்து உட்டாரு. எழுதிக்குங்க. நல்லாப் பெரிசா எழுதிக்குங்க."

டாக்டர் எழுதினார். பெரிசாகவே எழுதினார்.

கூட்டம் வந்தது. நீள மேசை, பச்சைத் துணி, பிஸ்கட். தலைமை வகித்த அதிகாரி என் அட்டவணையைப் புரட்டினார். முதல் கணக்கெடுப்பில் பூஜ்யம் எடுத்த ஊர், இரண்டாவதில் ஒன்றியத்திலேயே முதலிடம்.

"என்னம்மா இது? ஊரையே வம்பு பேச வெச்சு எழுதிட்டு வந்திருக்கீங்க?"

விதியைப் பக்க எண்ணோடு சொன்னேன். அவர் கையேட்டை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்து, "இருக்குது" என்றார் வருத்தத்துடன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அழைப்பின் பேரில் இரண்டு ஊர்த் தலைவர்களும் வந்திருந்தார்கள். பூஜ்யம் எடுத்த ஊரின் தலைவர் எழுந்தார்; அதற்குள் அதை நான் எங்கள் ஊர் என்றே நினைக்க ஆரம்பித்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டார்.

"சார், மேடம் படிச்சவங்க, என்னமோ எழுதியிருக்காங்க. தப்பு சொல்லலீங்க. ஆனா எங்கூர்ல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் நல்லா இருக்கறமுங்க. பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கற ஊருங்க. இப்படிப் பேர் வாங்குனா நாளைக்கு வெளிய தலை காட்ட முடியுங்களா?"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார். "அப்புறம் என்ன, தலைவரே சொல்லிட்டாரு. பக்கத்து ஊருக்கே எழுதிடலாம்."

பக்கத்து ஊர்த் தலைவர் புன்னகையோடு ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அந்தப் புன்னகைதான் எனக்கு யோசனை கொடுத்தது.

"ஒரு சின்ன விவரம் மட்டும் சார்," என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, உங்கூர்ல எல்லாரும் எப்படி இருக்கறாங்க?"

சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "எங்கூருக்கு என்னங்க? ஒரு குறையுமில்லீங்க. தண்ணி கல்கண்டாட்ட இருக்கும்."

"படிவத்துல ஒரு பாட்டிக்குப் பேதின்னு இருக்குதுங்களே?"

"அது எங்கூருப் பாட்டியே இல்லீங்க! ஒறம்பரைக்கு வந்ததுங்க."

"எந்த ஊர்ல இருந்து வந்தாங்க?"

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். எங்கள் ஊர்த் தலைவரைக் கையால் காட்டினார். "வேற எங்கிருந்து? அவிய ஊர்ல இருந்துதான். சொல்லக் கூடாது, மச்சான் கோவிச்சுக்குவாரு. எங்க அக்காளை அவருக்குத்தான் குடுத்திருக்குது. நோம்பி விருந்துக்குப் போயிட்டு வந்தேனுங்க. வர்ற வழியில பஸ்ஸை எத்தனை எடத்துல நிறுத்தச் சொன்னேன்னு டிரைவரைக் கேளுங்க. பாவம், நல்ல மனுசன், ஒண்ணுஞ் சொல்லல."

"அது தண்ணியினால இல்லீங்க சார்," என்றார் எங்கள் தலைவர், உட்காராமலே. "அன்னிக்கு அவரு தின்ன கறிக்கு யானைக்கே ஆயிருக்கும்."

"கறி இல்லீங்க மச்சான், உங்கூருத் தண்ணி! அக்கா பசங்க தொத்தலா கெடக்கறது கறி தின்னா? ஊர்ல பாதிப் பேரு படுத்துத்தான் கெடக்கறாங்க, எனக்குத் தெரியாதா?"

அதிகாரி மேசையைத் தட்டினார். நான் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் என் வேலைதான். பக்கத்து ஊரின் குடிநீர் நல்ல நிலையில் உள்ளதாக அதன் தலைவர் தெரிவித்தார். பேதி பதிவான மூதாட்டி அவ்வூரைச் சேர்ந்தவர் அல்ல என்றும் அவர் தெரிவித்தார். இரண்டு வரி. கூட்டம் முடியுமுன் சுத்தமாக எழுதி அவர் முன் நீட்டினேன். இன்னும் மச்சானைத் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் ஊர்க் கணக்கு பூஜ்யமாயிற்று; பட்டியலில் மிஞ்சியது எங்கள் ஊர்தான்.

வெளியே மரத்தடியில் அவருக்கு விஷயம் உறைத்தது. என்னைத் தேடி வந்தார்.

"மேடம், குழாயை நானே தூக்கி அவியளுக்குக் குடுத்துபோட்டனுங்களா?"

"ஆமாங்க. பெரிய மனசு."

"எங்கூர்லயும் தண்ணி அவ்வளவு நல்லா இல்லீங்க, உண்மையைச் சொன்னா."

"தெரியுமுங்க. அடுத்த வருசம் வாரேன். உங்களைக் கேட்கமாட்டேன், உங்க மச்சானைக் கேட்டு எழுதிக்கறேன்." அப்படியே செய்தேன். அவரும் குறை வைக்காமல் சொன்னார்.

எங்கள் ஊரில் சாக்கடையைவிட்டுத் தள்ளிப் புதுக் குழாய் புதைத்தார்கள். சில மாதம் கழித்து, பலன் என்ன என்று அளந்து அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. நானும் டாக்டரும் போனோம். அதே முறை: காலையில் பாதி, மாலையில் பாதி. அக்கம்பக்கத்தைக் கேட்டோம்.

பேதியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. முதல் முறையும் பூஜ்யம், இப்போதும் ஏறக்குறைய பூஜ்யம்; ஊரே கூடிப் பேசி, பக்கத்து வீட்டையும் இனி காட்டிக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தால்? கூட்டத்தில் நடந்தது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் அவர்கள் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. எதிர் வீட்டில் கலர் டிவி வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். மேல்வீட்டு மருமகள் மாமியாரிடம் முகம் கொடுப்பதில்லை. கோடி வீட்டுக்காரர் இவர்கள் வரப்பில் ஒரு முழம் தள்ளி வேலி போட்டுவிட்டார். வயிறு ஒன்றைத் தவிர எல்லாம் வந்தது.

மாவாட்டும் அம்மாள் வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

"அந்த ஊட்டுல எப்படிங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அதை ஏனுங்க கேக்கறீங்க? அந்தப் புள்ளையை நான் என்ன பண்றதுன்னே தெரியலீங்க!" அந்த அம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். "வந்து பாருங்க. வந்து உங்க கண்ணால பாருங்க."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். ஒரு கொய்யா மரம். கீழ்க்கிளை ஒடிந்து தொங்கியது. மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

"ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க. செவுத்துமேல ஏறி, மரத்துமேல தாவி, பழுக்கட்டும்னு உட்டிருந்த அத்தனை பிஞ்சையும் தின்னுபோட்டா. கெளையையும் ஒடிச்சுபோட்டா. அவ ஆத்தாகிட்டச் சொன்னா, 'கொழந்தை தானுங்க அக்கா'ன்னு சிரிக்கறா. நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க டாக்டரே!"

டாக்டர் ஒடிந்த கிளையைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிஞ்சா? அவ்வளவும் பிஞ்சா?"

"பின்னே? கல்லாட்ட இருந்ததுங்க."

"தின்ன பொறவு ஏதாவது ஆச்சாம்மா?"

"என்ன ஆகுது? மறுநாளு எலுமிச்சை மரத்துல நின்னா."

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். நான் பார்த்தவரை அவர் அந்த ஊரில் சிரித்தது அதுதான் முதல் முறை. அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நாயங் கேட்டா சிரிக்கறீங்களே! மரத்துக்கு என்ன பதிலுங்க?"

"வேற கன்னு நான் வாங்கித் தாரேம்மா," என்றார் டாக்டர். "ரெண்டா வைங்க."